முப்பத்து மூன்றாவது பதுமை

பேய், துப்பறிதல், ராஜா ராணி, ரோபோ நாய். எல்லாவற்றையும் ஒரே தொடரில் கலந்து, வாரா வாரம் தமிழர்களைக் காக்க வைத்தவர் சுஜாதா. வியாசர்பாடியில் ரயிலேறி அவர் கதைகளுக்குள் ஒரு பயணம்.

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் புறநகர் ரயில், பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் நிற்கும் இடம் எங்கள் ஊர். மஞ்சள் பலகையில் கொட்டை எழுத்தில் 'வியாசர்பாடி ஜீவா' என்று இருக்கும். பத்து வயதில் அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம், அப்போது ஆனந்த விகடனில் வந்துகொண்டிருந்த ஒரு தொடர். எதிர்கால இந்தியாவை ஜீவா என்று ஒருவர் ஆள்கிறார். அவர் வைத்ததுதான் சட்டம். குழந்தை பெற்றுக்கொள்ளவே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். நிலா என்ற பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. கிடைத்த கையோடு அவள் கணவன் சிபி காணாமல் போகிறான். தேடிப் போகிறவளுக்குத் துணையாக நிற்பது ஒரு ரோபோ நாய். பெயர் ஜீனோ. தொடரின் பெயர் 'என் இனிய இயந்திரா'. எழுதியவர் சுஜாதா.

அந்த ஜீவாதான் எங்கள் ஸ்டேஷனுக்குச் சொந்தக்காரர் என்று நான் நம்பியிருந்தேன். டிக்கெட் வாங்காமல் ஏறினால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். பலகையில் இருப்பது கம்யூனிஸ்ட் தலைவர் ப.ஜீவானந்தத்தின் பெயர் என்பதும், 1952 தேர்தலில் பக்கத்து வண்ணாரப்பேட்டையில் ஜெயித்து சட்டமன்றத்துக்குப் போனவர் அவர் என்பதும், தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தவர் என்பதும் பிற்பாடு தெரிந்தது. ஒரே பெயர், ஒன்று குடிசையில் இருந்த மனிதர், இன்னொன்று நாட்டையே ஆளும் உருவம். இந்தக் குழப்பத்தில்தான் எனக்கு சுஜாதா அறிமுகமானார். அவரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல குழப்பம் அமைந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

கொண்டித்தோப்பு சரக்கு

அறிவியல் புனைகதை, மாய யதார்த்தம், கலப்பு வகை என்று இன்றைக்கு ஏகப்பட்ட லேபிள்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அதெல்லாம் கிடையாது. சலூன் பெஞ்சில் கிடக்கும் வாரப் பத்திரிகையில் வருவது 'கதை'. அதில் பேய் வந்தாலும் கதை, ராக்கெட் வந்தாலும் கதை. நன்றாக இருந்தால் அடுத்த வாரமும் சலூனுக்குப் போவார்கள், வெட்ட முடி இல்லாவிட்டாலும்.

இந்தக் கலப்புக்கு வட சென்னையில் பழைய வேர் உண்டு. பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் கொண்டித்தோப்பில்தான் பி.இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ் பதிப்பகம் இருந்தது. 'பெரிய எழுத்து' புத்தகங்கள் என்றால் பாட்டிமார்களுக்குச் சட்டென்று விளங்கும். மங்கிய விளக்கிலும் எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாகத் தடித்த எழுத்துகள், மலிவுத் தாள், கோட்டுச் சித்திரங்கள். மதனகாமராஜன் கதை, நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை எல்லாம் இந்த வடிவில் வந்து, திருவிழாக் கடைகளிலும் நடைபாதையிலும் விற்றவை.

அவற்றின் ராஜா, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. மண்ணுக்குள் புதைந்த சிம்மாசனத்தை போஜராஜன் தோண்டி எடுக்கிறான். முப்பத்திரண்டு படி. படிக்கு ஒரு பதுமை. ராஜா ஏறப்போகும்போதெல்லாம் பதுமை வாய் திறந்து, இதில் உட்கார உனக்கு என்ன தகுதி என்று கேட்டு, ஒரு கதையைச் சொல்லி நிறுத்திவிடும். அடுத்த படியில் அடுத்த பதுமை.

இதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பேசும் பொம்மை, அதாவது ரோபோ. படிக்கு ஒரு கதை, அதாவது தொடர்கதை. அரியணையில் உட்காரப் போகிறவனின் யோக்கியதையைக் கேட்பது பொம்மையின் வேலை, அதாவது அரசியல். 'பேசும் பொம்மைகள்' என்றே ஒரு நாவலுக்குப் பெயர் வைத்த சுஜாதா, ஜீனோவைப் படைத்தபோது கொண்டித்தோப்பை நினைத்தாரா என்பது முக்கியமில்லை. அவருடைய வாசகர்களின் காதில் அந்தப் பதுமைகள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தன. இயந்திர நாய் பேசியதும் ஆச்சரியப்பட்டார்கள், அந்நியமாக நினைக்கவில்லை. முப்பத்து மூன்றாவது பதுமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அச்சு இலக்கியத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் வந்து நிற்பது பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில். கொண்டித்தோப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். சாமியைக் காபி குடிக்கக் கூட்டிப்போகிற ஊர் இது. ரோபோவோடு பேசுவதற்கு என்ன தயக்கம்?

தம்புச் செட்டித் தெரு ஆபீஸ்

சுஜாதா என்ற எஸ்.ரங்கராஜன் 1935 மே 3-ல் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் எலெக்ட்ரானிக்ஸ். டெல்லியில் விமானப் போக்குவரத்துத் துறை, அப்புறம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உத்தியோகம். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று மனைவி பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' முதல் நாவல். வக்கீல் கணேஷ் அறிமுகமானது அதில்தான்.

பிறகு உதவியாளன் வசந்த் சேர்ந்துகொண்டான். இருவரின் ஆபீஸ் இருப்பது தம்புச் செட்டித் தெருவில். ஹைகோர்ட்டுக்கு எதிரே, வக்கீல்களும் கப்பல் ஏஜென்டுகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவுக்கு இன்றைக்குப் போனாலும், மாடிப்படியில் வசந்த் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டு இறங்குவதுபோல ஒரு பிரமை வரும். படியிறங்குகிற ஆளைக் காட்ட, எழுத்துகளையே படிப்படியாகக் கீழே இறக்கி அச்சிடவைத்த ஆள் சுஜாதா.

அவர் கலந்த கலவையைப் பார்க்க 'கொலையுதிர் காலம்' ஒன்று போதும். எண்பதுகளில் குமுதத்தில் வந்த தொடர். பரம்பரைச் சொத்து, இளம் வாரிசு, ஆள் நடமாட்டமில்லாத பங்களா, ராத்திரியில் தெரியும் ஓர் உருவம். இதுவரை எல்லாமே பேய்க்கதைச் சாமான்கள். அங்கே கணேஷும் வசந்தும் போய் இறங்குகிறார்கள். இப்போது துப்பறியும் கதை. கணேஷ் அறிவியல் பக்கம் நிற்கிறான். லேசர், ஹோலோகிராம் என்று விளக்கம் தேடுகிறான். வசந்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேய்தான் பாஸ் என்கிற கட்சி. இப்போது இது அறிவியல் கதையும்கூட. கடைசியில் விடை கிடைத்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது, விடைக்குள் அடங்காத ஒரு மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

எங்கள் தெருவில் அதன்பின் இரண்டு கட்சி. கணேஷ் கட்சிக்காரர்கள் ராத்திரி ஷிப்ட் முடித்து ரயில்வே லைன் ஓரமாகத் தனியாக வருவார்கள். வசந்த் கட்சிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்த பிறகுதான் கிளம்புவார்கள்.

இந்தக் கலவையை ஆராய்ச்சி நோக்கில் செய்த பரிசோதனையாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். மீதிப் பாதி வாரப் பத்திரிகை. வாரத்துக்குச் சில பக்கங்கள், கடைசி வரியில் ஒரு முடிச்சு, நடுவே ஓவியர் ஜெயராஜின் படம். படிக்கிறவர்களில் கல்லூரி மாணவி உண்டு, மில் தொழிலாளி உண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் உண்டு. எல்லாரையும் ஏழு நாள் காக்கவைக்க வேண்டும். ஒரே சுவையைப் பரிமாறினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். எனவே எல்லாக் கறியும் ஒரே இலையில். 'விக்ரம்' தொடரில் ஏவுகணைத் திருட்டு, உளவாளி, கம்ப்யூட்டர், போதாதற்கு சலாமியா என்று ஒரு ராஜா ராணி தேசம். 'ஆ..!' நாவலில் மண்டைக்குள் குரல் கேட்கும் ஒரு கம்ப்யூட்டர் இளைஞன். மூளைக் கோளாறா முற்பிறவியா என்ற கேள்வி. ஒவ்வொரு அத்தியாயமும் தலைப்பில் உள்ள அந்த ஓரெழுத்து அலறலிலேயே முடியும். 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் கணேஷையும் வசந்தையும் சோழர் காலத்துக்கே அனுப்பிவைத்தார், வேறு வேடத்தில்.

ஆங்கிலத்தில் ஐசக் அசிமோவ் 1954-லேயே ரோபோவைத் துப்பறிய விட்டவர்தான். ஆனால் அங்கே புத்தகக் கடையில் அலமாரிகள் தனித்தனி. அறிவியல் கதை வாசகர் வேறு, மர்மக் கதை வாசகர் வேறு. எங்கள் ஊரில் அலமாரியே கிடையாது. சலூன் பெஞ்சு ஒன்றுதான்.

உடம்பு இல்லாத உருவம்

சுஜாதாவின் கதைகளை அடுத்தடுத்து படிக்கும்போது ஒரு பண்டம் திரும்பத் திரும்பக் கையில் அகப்படும். ஹோலோகிராம்.

1940-களின் இறுதியில் டென்னிஸ் கேபர் கண்டுபிடித்த உத்தி அது. 1971-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருள்மேல் பட்டுத் தெறிக்கவிட்டு, மற்றதை நேராக அனுப்பி, இரண்டும் மோதும் இடத்தில் உண்டாகும் கோலத்தைத் தகட்டில் பதிப்பது. பிறகு அந்தத் தகட்டில் ஒளி பாய்ச்சினால் பொருள் இருந்த இடத்தில் அதன் உருவம் நிற்கும். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் கோணமும் மாறும். தொட்டால் காற்று.

'கொலையுதிர் காலம்' கதையில் இந்தக் காற்று பேயாக நடமாடியது. 'என் இனிய இயந்திரா'வில் அரியணை ஏறியது. ஆம், அந்த சர்வாதிகாரி ஜீவா ரத்தமும் சதையுமான ஆளே இல்லை. ஒளியால் செய்த உருவம். கோடிக்கணக்கானவர்கள் பயந்து நடுங்கியது ஒரு படத்துக்கு. படத்தை இயக்கியவர்கள் திரைக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முகம் பழசானதும் அடுத்த முகத்தைத் தேடினார்கள். அப்பாவி நிலாவின் முகம் கிடைத்தது.

ஜார்ஜ் ஆர்வெலின் நாவலில் எல்லாரையும் கண்காணிக்கும் பெரியண்ணனுக்கு ஜீவா உறவுமுறைதான். ஆனால் சுஜாதா வைத்த திருப்பம் நம் ஊருடையது. நமக்குப் பேய்க்கதையில் பழக்கமான ஒரு கேள்வி உண்டு: பார்த்தது பேயா, பேய் வேஷம் போட்ட ஆளா? போர்வையை இழுத்தால் உள்ளே பக்கத்து வீட்டுக்காரன் இருப்பான். அந்தப் பழைய கேள்வியை எடுத்து ஆட்சி பீடத்தின்மேல் போட்டார். பேய்க்கதையும் அறிவியல் கதையும் அரசியல் கதையும் அவரிடம் ஒட்டிக்கொள்ளும் பசை இந்த ஒரு கேள்விதான்: இந்த உருவத்துக்குப் பின்னால் யார்?

தலைவர்களின் உருவத்தோடு வாழ்ந்து பழகியவர்கள் வட சென்னைக்காரர்கள். கட்அவுட், பேனர், சுவர் விளம்பரம் எல்லாம் எங்களுக்குத் தெரு அடையாளங்கள். பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படம் வியாசர்பாடியில் நடப்பது. வீட்டு வசதிக் குடியிருப்பின் நடுவே ஒரு சுவர். அதில் ஒரு தலைவரின் படம். சுவர் யாருக்கு என்ற சண்டையில் உயிர்கள் போகின்றன. சுவரைக் கண்டு அஞ்சுகிறார்கள், காவு கேட்கிறது என்கிறார்கள். பேய்ப்படமா, காதல் படமா, அரசியல் படமா என்று பிரிக்க முடியாது. சுஜாதா கற்பனை செய்த ஒளியுருவம் அங்கே சுண்ணாம்பும் பெயின்டுமாக நிற்கிறது.

நாவலின் கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். அந்தக் காலத்தை நாம் இப்போது கடந்துவிட்டோம். 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடியின் முப்பரிமாண உருவம் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் பேசியது. 2024 ஜனவரியில், மறைந்து ஐந்தாண்டுகள் கடந்த கருணாநிதி, செயற்கை நுண்ணறிவின் உதவியால் டி.ஆர்.பாலுவின் புத்தக வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரல், அவரது பிறந்தநாளில், கட்சிக்காரர்களிடம் பேசியது. மேடைகளில் ஹோலோகிராம் என்று காட்டப்படுபவை பெரும்பாலும் சாய்த்து வைத்த கண்ணாடியிலோ மெல்லிய திரையிலோ பிரதிபலிக்கும் பிம்பங்கள். 19-ம் நூற்றாண்டு லண்டன் நாடக மேடையிலிருந்து வரும் உத்தி அது. அதற்கு அங்கே வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பெப்பரின் பேய்'. வசந்த் கேட்டிருந்தால் கணேஷைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

ஒரு பீப் சத்தம்

கதையில் இயந்திரம் வைத்தவர்கள் நிறையப் பேர். நிஜத்தில் ஓர் இயந்திரத்தை வியாசர்பாடி மாநகராட்சிப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்களில் ஒருவர் சுஜாதா. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர் பொறியாளர் ரங்கராஜன். 1982 மே 19-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில், இந்தியா முதல் முறையாகப் பட்டனை அழுத்தி ஓட்டுப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓட்டு என்றால் சீட்டு என்றுதான் சட்டம் சொல்கிறது, இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-ல் தீர்ப்பு. அந்தச் சாவடிகளில் மறுதேர்தல். பிறகு சட்டத்தைத் திருத்தி, மெல்ல மெல்லப் பழக்கி, 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். அட்டை மறைப்புக்குள் ஒரு பலகை. பெயர், சின்னம், நீலப் பட்டன். அழுத்தினால் சிவப்பு விளக்கு, நீளமாக ஒரு 'பீப்'. அவ்வளவுதான். இதற்குள் ஒரு குசும்பு ஒளிந்திருக்கிறது: நிமிடத்துக்கு நாலைந்து ஓட்டுக்கு மேல் அது பதிவு செய்யாது. இவ்வளவு மெதுவான இயந்திரத்தை ஏன் செய்ய வேண்டும்? சாவடியைக் கைப்பற்றுகிறவன் சீட்டுக்கட்டில் மளமளவென்று முத்திரை குத்திவிட்டு நிமிடத்தில் ஓடிவிடலாம். இயந்திரத்தில் 500 ஓட்டைக் குத்த நூறு நிமிடமாவது நிற்க வேண்டும். அதற்குள் போலீஸ் வந்துவிடும். அயோக்கியன் என்ன செய்வான் என்று முன்கூட்டியே யோசித்து அவன் வழியில் ஒரு கல்லைப் போடும் இந்த வேலை, துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு நன்றாகவே பழக்கமானது.

வேடிக்கை என்னவென்றால், சுஜாதா வாசகர்களுக்குப் பழக்கிய சந்தேகம் கடைசியில் அவர் இயந்திரத்தையே தேடி வந்தது. பட்டன் அழுத்தினேன், சரி. உள்ளே என்ன நடந்தது? யாருக்குப் போனது? கேள்வி நாடு முழுக்க எழுந்தது. 2013-லிருந்து மறுபடி காகிதம் வந்தது. அழுத்திய பட்டனின் சின்னம் அச்சிட்ட சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். இயந்திரத்தை நம்பு, ஆனால் ஏழு விநாடி பார்த்துவிட்டு நம்பு. 'என் இனிய இயந்திரா'வை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனிய இயந்திரமா?

எங்கள் அப்பா ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். தொடரின் பெயரை முதல் வாரம் சலூனில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாடாது, இனிய இயந்திரமா? எழுதுன ஆளை எட்டு மணி நேரம் தறி முன்னால நிக்கச் சொல்லு. இனிக்குதா கசக்குதான்னு அப்பால பேசலாம்."

தறிச் சத்தத்தில் அவருக்கு ஒரு காது பாதி போயிருந்தது. வீட்டில் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். பெங்களூர் ஏ.சி. அறையில் இயந்திரம் செய்கிறவருக்கும், வியாசர்பாடியில் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவருக்கும் உள்ள தூரம் அது. சுஜாதாவின் எதிர்காலத்தில் விஞ்ஞானி உண்டு, சர்வாதிகாரி உண்டு, புரட்சிக்காரன் உண்டு. அந்த இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போடுகிறவர், அவற்றால் வேலை போனவர் அநேகமாக இல்லை. அவருடைய ஸ்ரீரங்கத்துத் தெருவை மண்வாசனையோடு நாம் அறிவோம். அவருடைய நாளைய நகரத்தில் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது என்று அறிய மாட்டோம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்குப் புகையை மூக்கில் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்கு இது உறுத்தும். பெண்களை அவர் வர்ணித்த விதமும், வசந்தின் அசட்டு ஜோக்குகளும் இன்றைய வாசகிகளை முகம் சுளிக்க வைக்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அப்பா விடாமல் படித்தார். அல்லது என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் கத்திப் படிக்க வேண்டும் என்பதால் பக்கத்து வீடுகளுக்கும் அது இலவசம்.

"நாய் இன்னாடா சொல்லுது?"

"நிலா அக்காவை அழாதேன்னு சொல்லுது நைனா."

"மெஷின்னாலும் அதுக்கு இருக்கு பாரு மனசு. மேஸ்திரிக்கு இல்ல."

இனிய இயந்திரம் என்பதை ஏற்காத மனிதர், ஜீனோவை மட்டும் ஏற்றுக்கொண்டார். அது எஜமானர்கள் பக்கம் பிறந்து, அழுகிறவள் பக்கம் வந்து சேர்ந்த இயந்திரம் என்பதாலோ என்னவோ.

படிக்கத் தொடங்குபவர்களுக்கு

என் இனிய இயந்திரா: முதலில் இதுதான். முடித்ததும் 'மீண்டும் ஜீனோ'. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த நாயின் கதை நிறையும்.

கொலையுதிர் காலம்: ராத்திரியில் படிக்கவும். நீங்கள் கணேஷ் கட்சியா, வசந்த் கட்சியா என்று காலையில் தெரிந்துவிடும்.

சொர்க்கத் தீவு: கம்ப்யூட்டர் நிபுணர் ஒருவரைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். போன இடத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். சந்தோஷம் எங்கிருந்து சப்ளை ஆகிறது என்பதுதான் கதை.

அவரோடு நிற்காமல் மேலே போக: ஜெயமோகனின் 'விசும்பு' சிறுகதைகள், தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா'.

கடைசி அத்தியாயம்

தொடர் ஓடி முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து அடுக்கி பைண்டு செய்வது அன்றைய வழக்கம். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. கோணி ஊசி, மில்லிலிருந்து வரும் மிச்ச நூல், மைதாப் பசை, மேலே பழைய காலண்டர் அட்டை. ஒரு பக்கம் ஜீனோ, திருப்பினால் சொட்டு நீல விளம்பரம். மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் போன பிறகு, பழைய புத்தகம் வேண்டுமென்றால் இந்தப் பைண்டுகள்தான் கைமாறும். எங்கள் புறநகர் ரயில் போய் நிற்கிற நிலையக் கட்டடம் அந்த மார்க்கெட் இருந்த இடத்தில்தான் எழுந்தது. இன்றும் ரயில்வே அதை மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே சொல்கிறது.

எங்கள் பைண்டில் ஒரு குறை. கடைசி அத்தியாயம் கிடையாது. அந்த வாரம் நல்ல மழை. கணேசபுரம் சுரங்கப்பாதை முங்கி, தெருவெல்லாம் தண்ணீர். அதில் கப்பல் விட நல்ல காகிதம் தேடியவன் நான். ஜீனோ மிதந்து போய்விட்டது.

பின்னால் தூர்தர்ஷனில் அதே கதை நாடகமாக வந்தது. எங்கள் வீட்டில் டி.வி. இல்லை. ஆகவே பைண்டை வாங்கிப் படித்தவர்கள் எல்லாரும் முடிவைக் கேட்டு அப்பாவிடம் வருவார்கள். அவரும் அசராமல் சொல்வார். ஜீவா ஒளிந்தான், ஒழிந்தான், அதெல்லாம் ஒரு நிமிஷம். பிறகு ஜீனோ பேசின் பிரிட்ஜ் வழியாக நடந்து வியாசர்பாடிக்கு வந்துவிடும். மில் வாசலில் நின்று, உள்ளே இருக்கிற மெஷின்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பேசும். கடைசியில் சங்கத்தில் சேர்ந்துவிடும்.

"நாய் எப்படிப்பா சங்கத்துல சேரும்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஏன், சந்தா கட்டுனா சேர்த்துக்கினு போறாங்க" என்றார்.

அது சும்மா வந்த முடிவு இல்லை. 1918 ஏப்ரலில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது இந்தப் பக்கத்தில்தான், திரு.வி.க. நின்று பேசிய மண். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. கதைக்குள் எங்களுக்கு இடம் வைக்காமல் போன எழுத்தாளரின் கதையில், முடிவு தொலைந்த இடமாகப் பார்த்து அப்பா எங்கள் ஊரைச் செருகிவிட்டார்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27-ல் மறைந்தார். அதற்குள் நான் நிஜமான கடைசி அத்தியாயத்தைப் படித்திருந்தேன். சுஜாதாவின் முடிவு கெட்டிக்காரத்தனமானது. அதிகாரம் எப்படி முகம் மாற்றிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று காட்டுவது. அதை அப்பாவிடம் கத்திப் படித்துக் காண்பித்தேன். முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதுவும் நல்லாத்தான் கீது" என்றார். "ஆனா அந்த ஆளு மழையில பக்கத்தைத் தொலைக்கல பாரு."

போன தேர்தலில் அவரைக் கைத்தாங்கலாக வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். வெளியே வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. பீப் அவருக்குக் கேட்கவில்லையாம். கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு விழுகிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த ஏழு விநாடியும்.